293318625600: ஓர் எண்ணைப் பிரித்து மேய்ந்த பதிவு

ராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் உயர் பகு எண்களைப் பற்றி அறுபது பக்கத்துக்கு மேல் நீளும் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் ஓர் அட்டவணை உண்டு. 2-இல் தொடங்கி 6746328388800 வரை 102 எண்கள். எல்லாம் சரி, ஆனால் நடுவில் ஒரே ஓர் எண் விடுபட்டிருக்கிறது. அதுதான் 293318625600. நம் கணக்கில் படித்தால் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

இது கணிதக்காரர்கள் பலருக்கும் தெரிந்த செய்தி. எனக்கு வேண்டியிருந்தது அந்தச் செய்தி அல்ல. அந்த எண் அந்த இடத்தில் இருந்தே தீர வேண்டும் என்பதை நானே போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும், அப்படியே அது என்ன மாதிரி எண் என்றும் முழுசாகப் பார்த்துவிட வேண்டும். கையில் இருந்தவை: பைத்தான் நிரல்மொழி, எக்செல், ஒரு 12 இலக்கக் கால்குலேட்டர், கோடு போட்ட நோட்டு. பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் முக்கால்வாசி தூரம் போய்விடலாம்.

முதலில் உயர் பகு எண் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு காரணிகள். 12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விடக் காரணிகள் அதிகம் உள்ள எண்தான் உயர் பகு எண். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று வரிசை போகும். அறுபது நிமிடம், இருபத்து நான்கு மணி, பன்னிரண்டு மாதம் என்று நாம் பங்கு போட வசதியாக வைத்துக்கொண்ட எண்கள் பலவும் இந்த வரிசையில் இருப்பவைதான்.

அட்டவணையைச் சரிபார்த்தல்

எக்செல்லில் 102 எண்களையும் தட்டச்சு செய்தேன். ஒரு சின்ன எச்சரிக்கை: 12, 13 இலக்க எண்களை எக்செல் தானாகவே சுருக்கி, பத்தின் அடுக்கு போட்டுக் காட்டும். கட்டத்தின் வடிவத்தை 'எண்' என்று மாற்றி, தசம இடத்தைப் பூஜ்யமாக்கினால்தான் முழு எண்ணும் தெரியும். 15 இலக்கம் வரை எக்செல் பிசகாது, அதனால் இந்த வேலைக்கு அது போதும்.

அப்புறம் பைத்தான். நேர்வழியில் போனால் 1-இலிருந்து ஒவ்வோர் எண்ணாக எடுத்துக் காரணிகளை எண்ண வேண்டும். விநாடிக்குப் பத்து லட்சம் எண்களைச் சோதிக்க முடிந்தாலும் நம் எண் வரை வந்து சேரவே மூன்று நாளுக்கு மேல் ஆகும். அட்டவணையின் கடைசி எண் அதைவிட இருபத்து மூன்று மடங்கு தூரம். (இந்த 23 பிறகு மறுபடி வரும்.) ஆகவே நேர்வழி கிடையாது.

குறுக்குவழி இரண்டு கவனிப்புகளில் இருக்கிறது. ஓர் எண்ணில் 13 காரணியாக இருந்து 11 இல்லை என்று வைத்துக்கொள்வோம். 13-ஐ எடுத்துவிட்டு 11-ஐப் போட்டால் எண் சிறிதாகிவிடும், காரணிகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கும். ஆக அந்தப் பழைய எண் உயர் பகு எண்ணாக இருக்கவே முடியாது. அதாவது, பகா எண்கள் 2, 3, 5, 7 என்று இடைவெளி விடாமல் வர வேண்டும். அதே போல 3-இன் அடுக்கு 2-இன் அடுக்கைவிடப் பெரிதாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள்: எண் சிறிதாகும், காரணிகள் மாறாது. ஆகவே அடுக்குகள் இறங்குமுகமாகவோ சமமாகவோதான் போக வேண்டும். ராமானுஜன் இதற்கும் மேலே போய், கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 என்றும், அதற்கு 4, 36 இரண்டு மட்டுமே விலக்கு என்றும் நிறுவியிருக்கிறார். என் நிரலுக்கு முதல் இரண்டு விதிகளே போதுமாக இருந்தன.

இந்த விதிகளுக்கு உட்பட்ட எண்கள் ஆயிரக்கணக்கில்தான் வரும், கோடிக்கணக்கில் அல்ல. எல்லாவற்றையும் உருவாக்கி, ஏறுவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் காரணிகளின் எண்ணிக்கையைப் போட்டு, இதுவரை வந்த உச்சத்தைத் தாண்டும்போது மட்டும் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். இருபது வரிகூட இல்லாத நிரல். கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது. 2-இலிருந்து எண்ணினால் 103 எண்கள். எக்செல்லில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தால் 89 வரி வரை அச்சு அசலாகப் பொருந்துகிறது. 90-ஆவது வரியில் நிரல் 293318625600 என்கிறது, அட்டவணை 321253732800 என்கிறது. அதற்குப் பிறகு ஒரு வரி தள்ளி எல்லாம் மறுபடி பொருந்திவிடுகிறது.

இதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது: ஒன்று விடுபட்டது பெரிய விஷயம் இல்லை, மற்ற 102-உம் சரியாக இருப்பதுதான் பெரிய விஷயம். அடுத்தடுத்த உயர் பகு எண்களைக் கண்டுபிடிக்கப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு முறை எதுவும் தனக்குத் தெரியாது என்று ராமானுஜனே அந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். அவரிடம் பைத்தான் இல்லை.

கையால் காரணிப்படுத்துதல்

சரி, இனி எண்ணுக்குள் போவோம். கணினியில் ஒரு கட்டளையில் காரணிகள் வந்துவிடும் என்றாலும் இதைக் கையால் செய்து பாருங்கள், அவ்வளவு வழுவழுப்பாக உடையும் எண் இது.

293318625600 இரண்டு பூஜ்யத்தில் முடிகிறது. 100-ஆல் வகுத்தால் 2933186256. 100 என்பது 2² × 5². மீதி 6-இல் முடிவதால் அதில் 5 இல்லை. கடைசி நான்கு இலக்கம் 6256, அது 16-ஆல் வகுபடும், ஆகவே முழு எண்ணும் வகுபடும். வகுத்தால் 183324141. ஒற்றைப்படை, இனி 2 இல்லை. ஆக 2-இன் அடுக்கு மொத்தம் 6.

183324141-இன் இலக்கக் கூடுதல் 27. 9-ஆல் வகுத்தால் 20369349. அதன் இலக்கக் கூடுதல் 36. மறுபடி 9-ஆல் வகுத்தால் 2263261. இதன் கூடுதல் 22, இனி 3 இல்லை. 3-இன் அடுக்கு 4.

இப்போது கையில் 2263261. இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. 7 × 11 × 13 = 1001 என்பதால், ஓர் எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டினால், மூன்றுக்குமான சோதனை ஒரே அடியில் முடிந்துவிடும். 261 − 263 + 2 = 0. பூஜ்யம்! ஆக 1001-ஆலேயே வகுபடும். 2263261 ÷ 1001 = 2261. இதை மூல எண்ணிலேயே செய்து பார்த்தாலும் அப்படித்தான்: 600 − 625 + 318 − 293 = 0. பார்க்கும்போது தாறுமாறாகத் தெரிகிற எண், மும்மூன்றாக வெட்டினால் இப்படிச் சமமாகிவிடுகிறது.

2261 = 7 × 323. 323 என்பது 18²-இல் ஒன்று குறைவு, ஆகவே 17 × 19. முடிந்தது.

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. இறங்குமுகம் சரியாக இருக்கிறது, பகா எண்களில் இடைவெளி இல்லை. காரணிகளின் எண்ணிக்கைக்கு ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040.

5040-ஐ அதற்குக் கீழே யாராவது தொட முடியுமா?

நிரல் 'முடியாது' என்றது. ஆனால் நிரல் சொன்னது மட்டும் எனக்குப் போதவில்லை, காகிதத்தில் எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்த்தேன். எண்ணின் கடைசிப் பகா எண் எது என்பதை வைத்துப் பிரித்துக்கொண்டால் வேலை எளிது.

2-இலிருந்து 31 வரையுள்ள பதினொரு பகா எண்களின் பெருக்கம் 200560490130. நம் எண்ணுக்குக் கீழே இதை இரட்டிக்கக்கூட இடமில்லை. காரணிகள் 2¹¹ = 2048, அவ்வளவுதான். 37-ஐச் சேர்த்தால் எல்லை தாண்டிவிடும்.

29 வரை போனால் பெருக்கம் 6469693230. நம் எண் இதைப் போல 45 மடங்குக்குச் சற்று அதிகம். ஆக 45 வரை எதனால் வேண்டுமானாலும் பெருக்கலாம். மிகச் சிறந்தது 36: அடுக்குகள் 3, 3, பிறகு எட்டு ஒன்றுகள். 4 × 4 × 2⁸ = 4096. போதாது.

23 வரை போவதுதான் நிஜப் போட்டி. பெருக்கம் 223092870, பெருக்க இடம் 1314 வரை. இங்கே நோட்டில் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. 720, 960, 1152, 1260, 1296 என்று எதை எடுத்துப் பெருக்கினாலும் 4608 என்றே வருகிறது. ஐந்தும் வெவ்வேறு அடுக்கு அமைப்பு, விடை ஒன்றே. ஏதோ சுவரில் முட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. 1080 மட்டும் அதைத் தாண்டுகிறது: அடுக்குகள் 4, 4, 2, பிறகு ஆறு ஒன்றுகள், 5 × 5 × 3 × 64 = 4800. இதுதான் அட்டவணையின் 89-ஆவது வரி, 240940299600. அடுத்த பாய்ச்சல் 1440-இல், அது 5376 தரும். ஆனால் 1440 நம் 1314-ஐத் தாண்டிவிட்டது, அது 321253732800.

19-இல் நிறுத்தினால் பெருக்கம் 9699690, நம் எண் அதைப் போலச் சரியாக 30240 மடங்கு. 30240-க்குக் கீழே 20160, 25200, 28800 மூன்றும் மறுபடி அதே 4608. 27720 தருவது 4320. 30240-இல்தான் முதன்முதலாக 5040 கிடைக்கிறது. 17-லும் அதற்குக் கீழேயும் நிறுத்துகிற எண்களை நிரலிடமே விட்டுவிட்டேன், அவை எதுவும் கிட்டேகூட வரவில்லை.

ஆக 4800-க்கும் 5376-க்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது, அந்தப் படி 5040. அட்டவணையில் 4800-இலிருந்து நேரே 5376-க்குத் தாவல். (30240-ஐப் பற்றி ஒரு துணுக்கு: அதன் காரணிகளைக் கூட்டினால் 120960, சரியாக நான்கு மடங்கு. இப்படிப்பட்ட எண்களைத் தேடிக்கொண்டிருந்தவர்களில் பிரெஞ்சு அறிஞர் தெகார்த்தும் ஒருவர், 30240 அவர் கண்டுபிடித்தவற்றில் ஒன்று.)

23 இல்லாத குடும்பம்

அக்கம்பக்கத்து வரிகளைக் காரணிப்படுத்தி எழுதியபோதுதான் இந்தப் பதிவை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

அட்டவணையில் 23 முதல்முதலாக வருவது 64250746560-இல். ஆனால் வந்ததும் நிலைத்துவிடவில்லை. அடுத்தது 73329656400, அதில் 23 இல்லை. அதற்கடுத்தது 80313433200, அதில் 23 உண்டு. 97772875200-இல் இல்லை, 128501493120-இல் உண்டு, 146659312800-இல் இல்லை, 160626866400-லும் 240940299600-லும் உண்டு. அப்புறம் நம் எண், அதில் இல்லை. அதற்குப் பிறகு அட்டவணையின் கடைசி வரை எல்லாவற்றிலும் 23 உண்டு. ஆக இந்தப் பகுதி முழுக்க 23 உள்ளவர்களும் இல்லாதவர்களும் மாறி மாறி முந்திக்கொண்டிருக்கிறார்கள். 23 இல்லாதவர்களின் கடைசி ஆள்தான் விடுபட்டவர்.

இந்த 23 இல்லாத எண்களை நம் எண்ணால் ஒப்பிட்டுப் பார்த்தால்:

48886437600 என்பது நம் எண்ணில் ஆறில் ஒன்று, காரணிகள் 3456
73329656400 நான்கில் ஒன்று, 3600
97772875200 மூன்றில் ஒன்று, 4032
146659312800 பாதி, 4320
293318625600 முழுசு, 5040

முதல் நான்கும் அட்டவணையில் இருக்கின்றன. ஐந்தாவதுதான் இல்லை. இன்னும் கேளுங்கள். இந்த ஐந்தையும் வரிசையாக 23-ஆல் பெருக்குங்கள்: 1124388064800, 1686582097200, 2248776129600, 3373164194400, 6746328388800. ஐந்துமே உயர் பகு எண்கள், ஐந்துமே அட்டவணையில் இருக்கின்றன! கடைசியாக வரும் 6746328388800 அட்டவணையின் கடைசி எண்ணேதான். அதாவது விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் அட்டவணை முடிகிற எண் வருகிறது. அதன் காரணிகள் 10080, 5040-இன் இரு மடங்கு.

பத்து எண்கள் கொண்ட இந்த இரட்டை வரிசையில் ஒன்பது இருந்து ஒன்று இல்லை. அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு, 23 உள்ள ஐந்தையும் 23-ஆல் வகுத்துப் பார்த்திருந்தாலே ஓட்டை கண்ணில் பட்டிருக்கும். ஓர் உயர் பகு எண்ணை அதன் கடைசிப் பகா எண்ணால் வகுத்தால் வருவதும் உயர் பகு எண்ணாகவே இருக்க வேண்டும் என்று பொது விதி எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 240940299600-ஐ 23-ஆல் வகுத்தால் வரும் 10475665200 அட்டவணையில் இருக்கிறது. 64250746560-ஐ வகுத்தால் வருவது 2793510720, அதுவும் இருக்கிறது. ஒத்துவருகிற இடங்கள் இப்படி நிறைய, விதியாக நம்பிவிடக் கூடாது. தேடுவதற்குத் தடயமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மேம்பட்ட எண்ணா?

அட்டவணையில் சில எண்களுக்கு ராமானுஜன் நட்சத்திரக் குறி போட்டிருக்கிறார். அவை மேம்பட்ட உயர் பகு எண்கள், வரிசையின் முதுகெலும்பு மாதிரி. நம் எண்ணுக்கு அந்தத் தகுதி உண்டா என்று பார்த்தேன்.

ஒரு பகா எண்ணைப் புதிதாகச் சேர்க்கும்போது எண் எவ்வளவு வளர்கிறது, காரணிகள் எவ்வளவு வளர்கின்றன என்ற இரண்டின் மடக்கை விகிதம்தான் அளவுகோல். 7-ஐ இரண்டாம் தடவை சேர்த்தால் காரணிகள் ஒன்றரை மடங்காகும்: 1.5-இன் மடக்கையை 7-இன் மடக்கையால் வகுத்தால் 0.2084. 23-ஐப் புதிதாகச் சேர்த்தால் காரணிகள் இரட்டிக்கும்: 2-இன் மடக்கையை 23-இன் மடக்கையால் வகுத்தால் 0.2211. அதிக ஆதாயம் 23-இல்தான். மேம்பட்ட எண் என்றால் ஆதாயம் அதிகமுள்ளதை முதலில் எடுத்திருக்க வேண்டும். நம் எண்ணோ 23-ஐ விட்டுவிட்டு இரண்டாவது 7-ஐ எடுத்து வைத்திருக்கிறது. ஆகவே மேம்பட்ட எண் அல்ல. அடுத்த வரியில் இருக்கும் 321253732800 மேம்பட்டது. நம் எண்ணிலிருந்து ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும் எடுத்துவிட்டு 23-ஐப் போட்டால் அது வந்துவிடும். 21-ஐக் கொடுத்து 23-ஐ வாங்குகிறோம், எண் பத்தில் ஒரு பங்குகூடக் கூடவில்லை, காரணிகள் 5040-இலிருந்து 5376 ஆகின்றன.

காரணிகளின் கூடுதலும் கால்குலேட்டரும்

கடைகளில் பில் போடும் மேசையில் இருக்கும் அந்த 12 இலக்கக் கால்குலேட்டருக்கு நம் எண் கச்சிதம், திரையில் இரண்டு ஓரமும் முட்டிக்கொண்டு நிற்கும். எல்லாக் காரணிகளின் கூடுதலுக்கு ஒவ்வொரு பகா எண்ணுக்கும் தனித்தனியாகப் போட்டுப் பெருக்க வேண்டும். 2⁶-க்கு 127, 3⁴-க்கு 121, 5²-க்கு 31, 7²-க்கு 57, மற்றவற்றுக்கு 12, 14, 18, 20. 127 × 121 = 15367, பிறகு 476377, 27153489, 325841868, 4561786152, 82112150736 என்று ஏறுகிறது. கடைசி 20-ஐப் போட்டால் 13 இலக்கமாகி, கால்குலேட்டர் கையை விரித்துவிடும். 2-ஆல் பெருக்கினால் 164224301472, சரியாக 12 இலக்கம். பூஜ்யத்தை நோட்டில் நானே சேர்த்துக்கொண்டேன்: 1642243014720.

தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூடுதல் 1348924389120. இது எண்ணைவிடப் பெரிது, ஆகவே மிகையெண். 6, 28 போன்ற நிறைவெண்களில் இது எண்ணுக்குச் சமமாக இருக்கும், இங்கே நான்கரை மடங்குக்கும் மேல். எல்லாக் காரணிகளையும் சேர்த்தால் 5.5988 மடங்கு.

இந்த 5.5988-ஐ வைத்து ஒரு சுவாரசியமான சோதனை உண்டு. பிரெஞ்சுக் கணிதக்காரர் கீ ரோபன் 1984-இல் நிறுவியது: 5040-ஐவிடப் பெரிய எந்த எண்ணை எடுத்தாலும், காரணிகளின் கூடுதலுக்கும் எண்ணுக்கும் உள்ள விகிதம், எண்ணின் இயற்கை மடக்கையின் மடக்கையை 1.7811-ஆல் பெருக்கி வருவதைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதும், பகா எண்களின் பரவலைப் பற்றிய, இன்னும் நிறுவப்படாத ரீமான் கருதுகோளும் ஒன்றுதான். ஒன்று மெய்யானால் மற்றதும் மெய். நம் எண்ணின் இயற்கை மடக்கை 26.4045, அதன் மடக்கை 3.2735, 1.7811-ஆல் பெருக்கினால் 5.8304. 5.5988 அதற்குக் கீழேதான், ரீமானுக்கு நம்மால் ஆபத்தில்லை. 5040-க்குப் போட்டுப் பார்த்தால் விகிதம் 3.8381, எல்லை 3.8169. தாண்டிவிடுகிறது. எல்லையை மீறுவதாகத் தெரிந்த எண்களில் கடைசி எண் அந்த 5040தான். நம் எண்ணின் காரணி எண்ணிக்கையும் 5040 என்பது தற்செயல், ஆனாலும் நோட்டில் அடிக்கோடு போட்டு வைத்தேன்.

இதே ரோபனும் ழான்-லூயி நிக்கோலாவும் சேர்ந்துதான் 1997-இல் ராமானுஜன் கட்டுரையின் அச்சேறாத பகுதியைக் குறிப்புகளோடு வெளியிட்டார்கள். 1915-இல் லண்டன் கழகத்துக்குப் பண நெருக்கடி, செலவைக் குறைக்கக் கட்டுரையின் ஒரு பகுதி விடப்பட்டது. அச்சான பகுதியே போதுமாக இருந்தது, அதற்காகத்தான் கேம்பிரிட்ஜ் 1916-இல் அவருக்குப் பட்டம் கொடுத்தது.

மிச்சச் சில்லறை

அட்டவணையில் ராமானுஜன் காரணி எண்ணிக்கைக்கு மட்டுமல்ல, அந்த எண்ணிக்கையின் காரணி எண்ணிக்கைக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார். நம் எண்ணுக்கு அந்த இடத்தில் 60 வர வேண்டும். அப்படியே கீழே இறங்கிக்கொண்டே போனேன்: 5040, 60, 12, 6, 4, 3, 2. இதில் 3-ஐத் தவிர எல்லாமே உயர் பகு எண்கள்.

1-இலிருந்து 22 வரை எல்லா எண்களாலும் இது மீதியின்றி வகுபடும். முதலில் தடுக்கி விழுவது 23-இல், வேறு எங்கே விழும்! ஆனால் 23 = 22 + 1 என்று இரண்டு காரணிகளைக் கூட்டிக் கொண்டுவரலாம், 29 = 28 + 1, 31 = 30 + 1. இப்படி 1-இலிருந்து தன் வரையிலான எந்த எண்ணையும் தன் வெவ்வேறு காரணிகளைக் கூட்டியே உருவாக்கித் தந்துவிடும் எண்களும் ஒரு வகை, அதிலும் இது உண்டு. இலக்கக் கூடுதல் 45, அந்த 45-ஆல் வகுத்தால் 6518191680 என்று மீதியில்லாமல் வரும். மகாராஷ்டிரத்தில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேக்கர் இந்த வகை எண்களுக்கு ஹர்ஷத் என்று பெயர் வைத்தார். இந்தத் தகுதி பத்தடிமானத்தைப் பொறுத்தது, அதனால் எனக்கு அதில் பெரிய மரியாதை இல்லை. வர்க்க எண்ணா என்றால் இல்லை, வர்க்க எண்ணுக்குக் காரணிகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும்.

நிரலின் எல்லையை அட்டவணைக்கு அப்பாலும் கொஞ்சம் நீட்டிப் பார்த்தேன். 6746328388800-க்கு அடுத்து 8995104518400, காரணிகள் 10368. அதற்கடுத்து 9316358251200, காரணிகள் 10752. இங்கேதான் 29 முதல்முதலாக உள்ளே வருகிறது, நம் பக்கத்து வரிக்காரரான 321253732800-ஐ 29-ஆல் பெருக்கியதுதான் இது. 29 வந்ததும் இரண்டாவது 7 மறுபடி வெளியே போய்விடுகிறது.